பீட்டிலை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றி ஓட்டிய அனுபவம்

என்னுடையது 60களின் தொடக்கத்தில் வந்த ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 6 வோல்ட் வண்டியாக வந்ததை 12 வோல்ட்டுக்கு மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. மழையிலும் இரவிலும் நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்: மாற்றியதற்குப் பெரிய பலன் ஹெட்லைட்டில்தான்.

45 வாட் பல்ப் 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும். தேய்ந்த சுவிட்ச், கறுத்த ஃபியூஸ் முனை, துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வழியில் அரை வோல்ட்டைத் தின்றுவிட்டால், 6 வோல்ட்டில் அது எட்டு சதவீதத்துக்கும் மேல். வெளிச்சம் அதைவிட வேகமாகக் குறையும். வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் ஏறக்குறைய முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். 12 வோல்ட்டில் கரண்ட் பாதி, அதனால் அதே வழியில் போகும் இழப்பும் கால் வோல்ட்தான். வயரிங்கை மாற்றவில்லை. 6 வோல்ட்டுக்காகப் போட்ட தடிமனான வயர் 12-க்குத் தாராளம், மேலுறை வெடிக்காமல் இருந்தால் போதும்.

பேட்டரி, டைனமோ, ரெகுலேட்டர், இக்னிஷன் காயில், ஃபிளாஷர், பல்புகள் எல்லாம் புதிது. பெட்ரோல் மீட்டர் கரண்டில் அல்ல, இழுகம்பி கேபிளில் ஓடுவது, அதனால் தொடவே தேவையில்லை.

பலரும் கவனிக்காதது சோக், அதாவது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் அடைப்பு. கார்ப்பரேட்டரில் இருக்கும் ஆட்டோமேட்டிக் சோக்கின் ஹீட்டர் 6 வோல்ட்டுக்கானது. அதை அப்படியே விட்டால் சீக்கிரம் சூடாகி, இன்ஜின் சூடாகும் முன்பே சோக் திறந்துவிடும். காலையில் வண்டி திணறும். 12 வோல்ட் எலிமென்ட் போட்டுவிடுங்கள்.

செல்ஃப் மோட்டார் இன்னும் பழைய 6 வோல்ட்தான். 12 வோல்ட் செல்ஃபுக்கு 130 பல் ஃபிளைவீல் (செல்ஃப் கடித்துச் சுற்றும் இன்ஜின் சக்கரம்) வேண்டும், பழையதில் இருப்பது 109. அதை மாற்றப் போனால் இன்ஜினை இறக்கி, கியர்பாக்ஸ் கூட்டின் உள்பக்கத்தையும் கொஞ்சம் தேய்க்க வேண்டி வரும். எனக்கு அது தேவைப்படவில்லை. சாவியைத் திருப்பியதும் முரட்டுத்தனமாகக் கடித்துச் சுற்றும், உடனே இன்ஜின் பிடித்துவிடும். ஆனால் ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் விடாமல் சுற்றக் கூடாது, மோட்டார் கருகிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பேட்டரி இருப்பது பின்சீட்டுக்குக் கீழே. புது பேட்டரி கொஞ்சம் உயரமாக இருந்தாலும் ஆள் உட்காரும்போது சீட்டின் இரும்பு ஸ்பிரிங் டெர்மினலில் பட்டு, சீட்டே தீப்பிடிக்கும். வாங்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள், மேலே கெட்டியான மூடியும் போடுங்கள். நான் சர்வீஸுக்கு இறங்கும்போதெல்லாம் சீட்டைத் தூக்கி அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பழைய 6 வோல்ட் வைப்பர் மோட்டாருக்கு முதலில் வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர் போட்டிருந்தேன். வைப்பர் ஓடியது, ஆனால் ரெசிஸ்டர் கொதிக்கக் கொதிக்கச் சூடானது. அப்புறம் 12 வோல்ட் மோட்டாரே போட்டேன். அடைமழையிலும் ஒரே சீராக ஓடுகிறது. ஹார்ன் பழையதுதான், தட்டித் தட்டி அடிப்பதால் இன்றுவரை தாங்குகிறது.