மொறிஸ் மைனருக்கு எது பொருந்தும்: செபியாவா, மங்கிய வண்ணமா?

மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் நின்ற மொறிஸ் மைனர் காரைப் படமெடுத்து, கணினியில் இரண்டு விதமாகப் பழசாக்கிப் பார்த்தேன். செபியா, அதாவது பழைய படங்களின் பழுப்பு நிறம், ஒரே சொடுக்கில் வந்துவிடும். வாவியும் பாலத்து இரும்பும் அதில் அழகாக அடங்கும். ஆனால் காரின் இளம்பச்சை போய்விடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

மங்கிய வண்ணத்துக்குப் பொறுமை வேண்டும். அல்பத்துக்குள் கிடந்த பழைய கலர்ப் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் செம்மை தட்டியிருக்கும். அதனால் கேர்வ்ஸ் என்ற நிறம் திருத்தும் கருவியில் சிவப்பைச் சற்றே உயர்த்தி, கடுங்கறுப்பைச் சாம்பலாக்கி, கடைசியில் பிலிம் படங்களில் தெரியும் பொடிப்புள்ளிகள் போல மெல்லிய கிரெய்ன் தூவினேன். குரோம் பம்பரின் பளபளப்பையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

1948இல் அறிமுகமான வண்டிக்கு இதுதான் என் தெரிவு. 1930களின் ஒஸ்ரின் செவன் கார் கிடைத்தால் செபியாவுக்குப் போவேன்.