உட்கார்ந்தால் ஒளிரும் பெஞ்சு: செகாம்புட் சிஎன்சி பட்டறைக்குக் கொடுக்கலாமா?

கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள இந்த சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) பட்டறை, பொது இடத்து இருக்கைகளை வெட்டு, பூச்சு, சென்சார், விளக்கு என்று முழு வேலையாகவே செய்து தருகிறது. ஒரு தமிழ்ப்பள்ளி வளாகத்துக்கு அங்கே செய்த 3.6 மீட்டர் பெஞ்சை வைத்துச் சொல்வது இது. பலகை வெட்ட நம்பிக் கொடுக்கலாம். மின்னணு வேலையை அவர்களிடம் விடாதீர்கள்.

பெஞ்சின் அமைப்பு எளிமையானது. 18 மிமீ பிளைவுட்டில் ஒரே மாதிரி வளைவாக வெட்டிய 150 துண்டுகள் வரிசையாக நிற்கும். நான்கு எம்12 (12 மிமீ தடிமன்) ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பிகள் அவற்றைக் கோத்துப் பிடிக்கும். அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே 6 மிமீ தடிமனில் ஒரு நைலான் வளையம். இந்த 6 மிமீ அழகுக்காக வைத்ததில்லை. 8 முதல் 25 மிமீ வரையான சந்தில்தான் பிள்ளைகளின் விரல் மாட்டும்.

கடையில் 18 மிமீ என்று விற்கும் பலகை 18 மிமீ இருப்பதில்லை. இங்கே வந்த பலகை 17.4 மிமீ. ஒரு துண்டுக்கு 0.6 மிமீ குறைந்தால் 150 துண்டுக்கு 90 மிமீ! பெஞ்சு கிட்டத்தட்ட அரைச் சாண் குட்டையாகிவிடும், நீளத்துக்கு வாங்கிய விளக்குப் பட்டையின் அலுமினியச் சட்டமும் உள்ளே அடங்காது. பட்டறைக்காரர் பலகையை நான்கு மூலையிலும் நடுவிலும் வெர்னியரால் அளந்துவிட்டு, வெட்டும் முன்பே இதைச் சொன்னார். வளையத்தை 6.6 மிமீ ஆக்கியதும் கணக்கு சரியானது. இந்த அக்கறைக்காகவே இவர்களிடம் போகலாம்.

வெட்டு வேலையும் சுத்தம். கீழ்ப்பக்கம் சிலும்பு எழவில்லை. ஆனால் நாம் கொடுக்கும் வரைபடக் கோப்பில் இருப்பதை அப்படியே வெட்டுவார்கள், யோசித்துத் திருத்தித் தர மாட்டார்கள். 6 மிமீ கட்டர் உள்மூலையில் 3 மிமீ வளைவை விட்டுவிடும்; இன்னொரு துண்டு வந்து பொருந்தும் வாய் இருந்தால் மூலைக்குக் காதுபோல ஒரு சிறு குழியை நீங்களே வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு மீட்டர் கம்பிகளை இணைக்கும் நீள நட்டு 13 மிமீ துளைக்குள் போகாது. அந்த நட்டு விழும் இடத்துத் துண்டுகளுக்கு மட்டும் 22 மிமீ துளை போடுங்கள்.

பூச்சில் ஒரு குறை. மேற்பரப்புக்கும் ஓரத்துக்கும் பாலியூரித்தேன் நன்றாக ஏறியிருந்தது. துளைகளின் உட்சுவர் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. இந்த ஊர் மழை கம்பி வழியாக ஊர்ந்து அங்கேதான் போய்ச் சேரும். அடுக்குகள் உப்பி, துளையைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். கோர்ப்பதற்கு முன்பே, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளைக்கும் எபாக்சி சீலர் இரண்டு பூச்சு கேளுங்கள். அடியில் 20 மிமீ உயரக் கால்களும் வேண்டும். பலகை தரையைத் தொட்டால் ஓரம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மின்னணு வேலைதான் மனத்தை வருத்துகிறது. உட்காரும் எடையை அறிய, குளியலறைத் தராசில் வரும் 50 கிலோ லோட் செல் (எடை உணரும் சென்சார்) நான்கைப் பெஞ்சின் காலடியில் வைத்திருந்தார்கள். மொத்தத் தாங்கல் 200 கிலோ. ஆறு பெரியவர்கள் உட்கார்ந்தாலே 400 கிலோவைத் தாண்டும், பெஞ்சின் எடை தனி. தலா 500 கிலோ தாங்கும் பீம் வகை செல்கள் நான்கு போட்டால் நிம்மதி. தொடு உணர் சென்சார் பரவாயில்லை என்று சிலர் சொல்வார்கள். நனைந்த இருக்கையில் யாரும் இல்லாமலே அது விளக்கை எரியவிடும்.

இன்னொன்று, உட்கார்ந்து அரை விநாடி கழித்துத்தான் ஒளி வந்தது. லோட் செல்லின் அளவை எண்ணாக மாற்றும் ஹெச்எக்ஸ்711 சிப் நொடிக்கு 10 அளவு எடுக்கும்படி விடப்பட்டிருந்ததே காரணம். அந்த நிலையில் அளவு நிலைபெறவே 400 மில்லிவிநாடி ஆகும். சிப்பில் வேகத்தைத் தீர்மானிக்கும் பின்னை (RATE) அதன் மின்வழங்கலோடு இணைத்தால் நொடிக்கு 80 ஆகும், 50 மில்லிவிநாடியில் அளவு நிலைபெறும். உட்கார்ந்த குழந்தை தன்னால்தான் விளக்கு எரிந்தது என்று உணர இந்த வேகம் அவசியம்.

எல்இடி பட்டையின் கடைசி ஒரு மீட்டர் வெள்ளையாக எரியாமல் பழுப்பாக எரிந்தது. மீட்டருக்கு 60 விளக்கு என்றால் 3.6 மீட்டருக்கு 216. முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லியாம்பியர் வீதம் 5 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர். ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனைக்குப் போவதற்குள் மின்னழுத்தம் விழுந்துவிடும். இரு முனையிலும் நடுவிலும் கொடுக்க வேண்டும். 230 வோல்ட்டை பெஞ்சுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

கூலி பலகைக் கணக்கும் இயந்திர நேரமும் சேர்ந்தது. ஓரத்தை உருட்டுவதற்குத் தனிக் கட்டர், தனி ஓட்டம் என்பதால் செலவு ஏறும். உட்காரும் விளிம்புக்கு மட்டும் கேட்டால் போதும். ஆர்டரிலேயே ஐந்து துண்டு கூடுதலாகச் சேர்த்து, அதே பலகையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். உடைந்ததை மாற்ற அடுத்த வருடம் போனால் அன்றைக்குக் கிடைக்கும் பலகை 17.1 ஆகவும் இருக்கலாம், 17.8 ஆகவும் இருக்கலாம்.