பிபிஏ என்று சொல்லி வேலூரில் என்னிடம் 35,000 ரூபாயும் ஒரு வருடமும் வாங்கிக்கொண்டார்கள்

பிளஸ் டூ முடித்துவிட்டு பிபிஏ என்கிற மேலாண்மைப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று இருக்கிற தம்பி தங்கைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முக்கியமாகக் குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக்காரர்களுக்கு. வீட்டில் கல்லூரிப் படியேறியவர் யாரும் இல்லையென்றால் இன்னும் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டிலும் யாரும் இல்லை. அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார்.

2024 மே 6-ஆம் தேதி ரிசல்ட் வந்தது. நான் காமர்ஸ் குரூப், 600-க்கு 471. அடுத்த வாரமே பள்ளிக்கூட வாசலில் ஒரு பிட் நோட்டீஸ் கொடுத்தார்கள். 'பிபிஏ ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், மூன்றாம் ஆண்டிலேயே வேலை' என்று போட்டிருந்தது. வேலூரில் ஆஸ்பத்திரி வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சே கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு அக்கா அப்படி வேலைக்குப் போய்த்தான் வீடு கட்டினார். அப்பா அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிகொண்டா வழியாக பஸ் பிடித்துப் போனோம். ஒரு கடைக்கு மேலே முதல் மாடி. ஏசி அறை, சுவரில் கோட்டு போட்ட மாணவர்கள் படம். கவுன்சலர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவை 'அண்ணா, அண்ணா' என்றே கூப்பிட்டார். எந்த யூனிவர்சிட்டி என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்வியை அப்பா கேட்டார் என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லோரும் 'விசாரிக்காமலா சேர்த்தீர்கள்' என்று அவரைத்தான் குத்தினார்கள். அந்த ஆள் கொஞ்சமும் தயங்காமல் "நம்ம சேர்க்காடு திருவள்ளுவர் யூனிவர்சிட்டிதாண்ணா, கவலையே படாதீங்க" என்றார். வாயால் சொன்னதுதான். நோட்டீஸில் யூனிவர்சிட்டி பெயர் எங்கும் இல்லை. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று மட்டும் இருந்தது. எதற்கு அங்கீகாரம், யார் கொடுத்தது என்று எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

வருடத்துக்கு 60,000. முதல் தவணை 35,000. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினோம். டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார்கள். ரசீது ஒரு டிரஸ்ட் பெயரில் இருந்தது. 'பயிற்சிக் கட்டணம்' என்று எழுதியிருந்தது. கல்விக் கட்டணம் என்று இல்லை. அந்த ஒரு சொல்லின் அர்த்தம் எனக்கு அக்டோபரில்தான் புரிந்தது.

ஜூலையில் வகுப்பு ஆரம்பித்தது. இரண்டு அறை, நாற்பது பேர். ஸ்போக்கன் இங்கிலீஷும் கம்ப்யூட்டர் டைப்பிங்கும்தான் நடந்தது. மேனேஜ்மென்ட் தத்துவங்கள், கணக்கியல், புள்ளியியல் என்று பிபிஏ முதல் வருடத்தில் வர வேண்டிய எதற்கும் ஆசிரியர் வரவில்லை. இன்டர்னல் தேர்வு கிடையாது. அட்டெண்டன்ஸ் ஒரு நோட்டில் எழுதினார்கள். கேட்டால் "செமஸ்டர் நேரத்துல எல்லாம் சரியாயிடும்மா" என்பார்கள்.

விஷயம் வெளியே வந்தது புதுமைப் பெண் திட்டத்தால். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வரும் அல்லவா, அதற்குக் கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு படித்து அரசுக் கல்லூரியில் சேர்ந்த தோழிக்குப் பணம் வர ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டும் 'அப்புறம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றே ஓடியது. விடாமல் கேட்டதில் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்கெல்லாம் கரஸ்லதாம்மா போட்டிருக்காங்க, ரெகுலர் கிடையாது." வேறு மாநிலத்தில் இருக்கிற ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பாம்.

அதுவும் பொய். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ படிக்கிறவர்களுக்கு டெப் ஐடி என்று ஒரு எண் வேண்டும். அதை மாணவரே யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்தில் உருவாக்க வேண்டும். யாரும் என்னை உருவாக்கச் சொல்லவே இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் என் பெயர் இல்லை.

மறுநாள் நானும் அப்பாவும் சேர்க்காட்டுக்குப் போனோம். அலுவலகத்தில் இருந்தவர் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலைத் திறந்து எங்கள் கண் முன்னாலேயே தேடினார். இல்லை. பத்து நிமிட வேலை. மே மாதமே இதைச் செய்திருந்தால் தோடு அம்மா காதில் இருந்திருக்கும். அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது: 2024-25 கல்வியாண்டிலிருந்து பிபிஏ, பிசிஏ நடத்தும் கல்லூரிகள் ஏஐசிடிஇ என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் வாங்க வேண்டும். ஆகவே பல்கலைக்கழக இணைப்பு, ஏஐசிடிஇ ஒப்புதல் இரண்டையும் கேளுங்கள். சுவரில் மாட்டியதைக் காட்டினால் போதாது, அந்தந்த இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். அந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதி தர வேண்டும் என்று யூஜிசி சொல்லியிருந்தது. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கவும் கூடாது. நாங்கள் போனது அக்டோபர் மூன்றாம் வாரம். இதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அதே கவுன்சலர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. "இது காலேஜுக்குத்தாம்மா. நாங்க ட்ரெய்னிங் சென்டர். ரசீதைப் பாரு" என்றார். மீதி 25,000 கட்டினால்தான் டிசி என்றும் சொன்னார். 'அண்ணா' என்று கூப்பிட்ட அதே வாயால் அப்பாவை வெளியே போகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரிஜினலை மீட்க இரண்டு மாதம் ஆனது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம், மூன்று முறை. மூன்றாவது மனுவுக்குப் பிறகு போன் போட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பணம் மட்டும் வரவில்லை.

2025-ல் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்து பிபிஏ சேர்ந்தேன். என் பள்ளித் தோழிகள் எனக்கு ஒரு வருடம் சீனியர். இந்தப் படிப்பின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக நடத்தினால் நல்ல படிப்பு. வணிகச் சட்ட வகுப்பில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவை மேடம் நடத்தினார். பொய் என்று தெரிந்தே உண்மை போலச் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குள் இழுப்பது மோசடி என்று அதில் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் ரசீதை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

அவர்தான் வழி காட்டினார். பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லியிருக்கிறது. 'நாங்கள் காலேஜ் இல்லை' என்று எந்த வார்த்தையைச் சொல்லி எங்களை விரட்டினார்களோ, அதே வார்த்தையை வைத்து வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நாம் கட்டிய பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்த நாற்பது பேரில் ஆறு பேர்தான் என்னோடு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டில் 'போனது போகட்டும்' என்று விட்டுவிட்டார்கள். உங்களில் யாரிடமாவது டிரஸ்ட் பெயரில் 'பயிற்சிக் கட்டணம்' என்ற ரசீது இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் என் தம்பி பள்ளியிலிருந்து ஒரு பிட் நோட்டீஸ் கொண்டுவந்தான். 'பிபிஏ ஏவியேஷன், உடனடி அட்மிஷன்'. பெயர் வேறு, போன் நம்பர் வேறு. முகவரியைப் பார்த்தேன். அதே கடைக்கு மேலே, அதே முதல் மாடி.