கிளிநொச்சியில் ஓர் ஆங்கில வகுப்பு: ஆறு மாதங்களுக்குப் பின்

தரம் 8இல் படிக்கும் என் மகளைக் கிளிநொச்சியில் ஏ-9 வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தின் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் ஆறு மாதங்களுக்கு முன் சேர்த்தேன். மாதக் கட்டணம் 2,500 ரூபா. வகுப்பறை காற்றோட்டமானது, நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்கிறார்கள். இவற்றில் எனக்குக் குறையே இல்லை.

குறை, கிழமை நாள் வகுப்பில் அவர்கள் வைத்திருக்கும் ஒரு விதியில்தான். தமிழ்ச் சொல் ஒன்று வாயில் வந்தால் 10 ரூபா தண்டம். மேசையில் ஒரு பழைய பால்மாத் தகரம் இருக்கிறது. பிள்ளையே எழுந்து போய் அதில் காசைப் போடவேண்டும். ஒரு நாள் மகளை ஏற்றிவரச் சற்று முன்னதாகப் போயிருந்தபோது, ஒரு சிறுவன் "டீச்சர், பேனை எழுதுதில்லை" என்று சொல்லிவிட்டு உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டதைக் கண்டேன். அவனிடம் காசு இருக்கவில்லை. வேறு பேனையும் கேட்காமல், வகுப்பு முடியும்வரை கொப்பியைப் பார்த்தபடியே இருந்தான்.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பல இங்கு உண்டு. அந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழைக் கேலிசெய்யும் பழக்கம் எங்களிடம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழுக்குக் கேலி, மாலையில் தமிழுக்குத் தண்டம் என்றால், அந்தப் பிள்ளை எந்த மொழியில்தான் வாய் திறக்கும்? 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தால் மொழியின் பெயரில் ஒதுக்கப்பட்ட நாங்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அதே வலியைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதே நிலையத்தின் சனிக்கிழமை வகுப்போ முற்றிலும் வேறு. அதை எடுக்கும் ஆசிரியை, செய்து முடித்த செயலை இப்போதைய நிலையோடு தொடர்புபடுத்திச் சொல்லும் ஆங்கில வினைவடிவத்தை ('பிரசென்ட் பேர்பெக்ட்') விளக்கியபோது நான் வாசலில் நின்று கேட்டேன். "பக்கத்து வீட்டில சாப்பிடக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்கள்?" என்றார். "சாப்பிட்டிட்டன்" என்றார்கள் பிள்ளைகள். "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றதும், "இடியப்பம் சாப்பிட்டன்" என்றார்கள். முதலாவது 'ஐ ஹாவ் ஈட்டன்', இரண்டாவது 'ஐ எயிட்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அதன்பின் அரை மணித்தியாலம் ஆங்கிலத்திலேயே பேசவைத்தார். பாடசாலையில் ஓராண்டாகப் பிடிபடாத வேறுபாடு அன்று மகளுக்குப் பிடிபட்டது.

இது அந்த ஆசிரியை தானாகக் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாண ஆங்கில வகுப்பறைகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறிப் பேசுவது கற்றலுக்கு எவ்வாறு உதவுகிறது என்பதை 1995இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அங்கே தடுமாறாமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவே. ஆனால் பிழைவிடப் பயப்படும் பிள்ளை எந்த மொழியையும் பேசப் பழகாது. தண்டம் பற்றி நிர்வாகத்திடம் கேட்டேன். பெற்றோர் விரும்புகிறார்கள் என்று பதில் வந்தது. விரும்பாத பெற்றோர் அதை நேரில் சொன்னால் அந்தத் தகரத்தை எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை வகுப்புக்குத் தயங்காமல் அனுப்பலாம். கிழமை நாள் வகுப்பிலிருந்து மகளை நிறுத்திவிட்டேன்.