படத்தின் பின்பக்கத்தையும் பார்க்கும் கடை

பினாங்கு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த ஸ்கேன் கடை. பலகையில் பாஸ்போர்ட் படம், நகல், லேமினேட் என்றுதான் எழுதியிருக்கும். வீட்டுப் பழைய படங்களை இங்கே தாராளமாகக் கொடுக்கலாம்.

தாத்தாவின் படத்தை நீட்டியதும், கவுண்டரில் இருந்த தம்பி முதலில் அதைத் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இதையும் எடுத்துவிடுகிறேன்" என்றார். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை, தோட்டத்தின் பெயர், பெரியப்பாவின் கையெழுத்தில் 1951. அதைத் தனிக் கோப்பாகவே தந்தார்கள்; கூடுதல் காசு கேட்கவில்லை.

பாட்டியின் படம் சட்டத்துக்குள்ளேயே கிடந்து கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பினாங்கின் ஈரக்காற்றில் படத்தாளின் ஜெலட்டின் பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். உரித்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும். இவர்கள் உரிக்கவே முயலவில்லை, கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்தார்கள்.

தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டையை லேமினேட் செய்துவிடலாம் என்றாள் தங்கை. லேமினேட்டில் பிழைக்கும் கடையே வேண்டாம் என்றது! சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிக்க முடியாதாம். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வைக்கச் சொன்னார்கள்.

'புதுப்பித்தல்' என்று ஒன்று விற்கிறார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். பாட்டியின் மூக்குத்தியைக் கறை என்று நினைத்து மென்பொருள் துடைத்துவிட்டது. சேலைக்கு ரோஸ் நிறம் பூசி, முகத்தையும் வெளுக்க வைத்திருந்தது. வெயிலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவரை அந்த நிறத்தில் எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. சண்டை போட்ட பிறகு மூக்குத்தியும் பாதிப் பணமும் திரும்பி வந்தன.

ஒரு படத்துக்கு 4 ரிங்கிட், ஸ்கேன் நுணுக்கம் 600 டிபிஐ. டிஃப் (TIFF) கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஜேபெக் (JPEG) கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் தரம் குறைந்துகொண்டே போகும். கோப்புகளுக்கு வெறும் எண்களைத்தான் பெயராக வைத்துத் தருகிறார்கள். யார் யார் என்று எழுதுவது நம் வேலை. அதற்கு எங்கள் அத்தையைப் பிடித்து உட்கார வைத்தேன். பாதிப் படங்களில் நிற்பவர்கள் யாரென்று அவருக்கு மட்டுமே தெரியும். மீதிப் பாதிக்கு ஈப்போவில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்க வேண்டும்.

ஞாயிறு விடுமுறை. பெரிய சட்டங்களோடு போகிறவர்கள் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் பாஸ்போர்ட் படக் கூட்டத்தில் அவற்றை வைக்க இடமிருக்காது.