ஃபைனல் ஃபேன்டசி 13: பாதை நேராக இருந்தது குற்றமில்லை

2009 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்ததிலிருந்து இந்த ரோல் பிளேயிங் கேமுக்கு ‘காரிடார்’, அதாவது நேரான நடைக்கூடம், என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. மினிமேப்பைப் பார்த்தால் மறுக்க முடியாது. மொத்தம் 13 அத்தியாயம். முதல் பத்தில் போகும் வழி ஏறக்குறைய ஒன்றே. கடைகூட சேவ் பாயின்ட்டுக்குள் அடக்கம். ஆனால் இதே தொடரில் 2001-இல் வந்த பத்தாம் பாகமும் ஒற்றையடிப் பாதைதான். அங்கே வழியில் கோயில், சத்திரம், பிளிட்ஸ்பால் என்ற நீர்ப்பந்தாட்டம் என்று காலாற இடம் இருந்தது. இங்கே சண்டை, கட்சீன் (கதைக் காட்சி), மறுபடி சண்டை.

உண்மையான கோளாறு பாதையில் இல்லை, சண்டையைப் பூட்டி வைத்ததில் இருக்கிறது. பாத்திரங்களின் திறனை வளர்க்கும் கிரிஸ்டேரியத்தில் எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் கதை நகராமல் அடுத்த கட்டம் திறக்காது. யாரை பார்ட்டியில் (மூவர் சண்டைக் குழுவில்) வைப்பது என்று நாமே முடிவு செய்ய வெகுதூரம் போகவேண்டும். அதற்குள் இருபது மணி நேரம் போய்விடும், பலர் அதற்கு முன்பே டிஸ்க்கை எடுத்துவிட்டார்கள்.

அதுவரை, தாக்குதலைத் தானே தேர்ந்துகொள்ளும் ‘ஆட்டோ’ பட்டனை மட்டும் தட்டுகிறவர்களுக்குச் சண்டை புரியவே புரியாது. சண்டையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. மந்திரத் தாக்குதல்காரரான ராவேஜர் அடித்தால், எதிரியை நிலைகுலைய வைக்கும் செயின் மீட்டர் மளமளவென்று ஏறும், அதே வேகத்தில் வடியும். நேரடித் தாக்குதல்காரரான கமாண்டோ அடித்தால் ஏற்றம் கொஞ்சம்தான், ஆனால் வடிவது மெதுவாகும். அதனால் ஒரு கமாண்டோ, இரண்டு ராவேஜரோடு தொடங்க வேண்டும். மூன்று ராவேஜரை மட்டும் நம்பினால், பாஸ் நம்மை அடித்து நாம் குணமாக்கித் திரும்புவதற்குள் மீட்டர் காலியாகிவிடும். பாரடைம், அதாவது மூவரின் பங்குகளின் தொகுப்பு, மாற்றுவதிலும் ஒரு சூட்சுமம்: சுமார் 12 விநாடி இடைவெளி விட்டு மாற்றினால் அடுத்த தாக்குதலுக்கான ஏடிபி பட்டை முழுதாக நிரம்பிவிடும். ஒவ்வொரு சண்டையிலும் முதல் மாற்றத்துக்கு மட்டும் மூவரின் போஸையும் காட்டி நேரத்தைத் தின்னும். உயிர் குறைவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். தலைவர் விழுந்தால் மற்ற இருவர் நின்றாலும் கேம் ஓவர்தான். நல்லவேளை, சண்டைக்குச் சற்று முன்னாலிருந்தே திரும்பத் தொடங்கலாம்.

காட்சியழகில் நேர்கோடு லாபமே. மூன்றாம் அத்தியாயத்தில் வரும் பிரேஷா ஏரி மொத்தமும் படிகமாகிக் கிடக்கும். எழும்பிய அலை எழும்பியபடியே உறைந்து, அதன் அடியில் நாம் நடப்போம். ஆட்டக்காரர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று தெரிந்ததால்தான் இப்படிச் செதுக்க முடிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று டிஸ்க் மாற்றியும் படம் கொஞ்சம் மங்கல். 2014 அக்டோபரில் வந்த பிசி பதிப்பு முதலில் 720பி-யிலேயே நின்றது, டிசம்பர் பேட்ச்தான் அதை அவிழ்த்தது. அதற்கு 60 ஜிபி இடம் ஒதுக்குங்கள்.

கதை சொன்ன விதம் பாதி வெற்றி. சிறுவன் ஹோப்பின் அம்மா, நாயகர்களில் ஒருவனான ஸ்னோவின் கையிலிருந்து நழுவி விழுவது தொடக்கத்திலேயே நடக்கிறது. அந்தக் கோபத்தை ஏழாம் அத்தியாயம் வரை பையன் ஸ்னோவிடம் கொட்டாமல் வைத்திருப்பான். வழியில் பக்கவேலை எதுவும் குறுக்கிடாததால் அந்த இறுக்கம் தளரவில்லை. சொதப்பியது வேறிடத்தில்: ஃபால்சி, லுசி, சீத் என்று கதையுலகச் சொற்களிலேயே பாத்திரங்கள் பேசிக்கொண்டே போவார்கள், பொருள் மெனுவில் உள்ள டேட்டாலாக் குறிப்பேட்டில் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு சேவுக்கும் முன்னால் இரண்டு நிமிடம் அதைப் புரட்டாவிட்டால் பாதிக் கதை காதில் விழுந்த இரைச்சல்தான்.

பதினோராம் அத்தியாயத்தில் கிரான் பல்ஸ் சமவெளி திறக்கும். மலை போல் நடமாடும் அடமான்டாய்ஸைக் கண்டால் ஓடிவிடுங்கள், அதை அடிக்கும் நேரம் இன்னும் வரவில்லை. மொத்தம் 64 மிஷன் (வேட்டைப் பணி). 14-ஆவதை முடித்தால் சவாரிக்குச் சோகோபோ என்ற பெரிய பறவை கிடைக்கும், அதனால் முதலில் அதையே குறிவையுங்கள்.

எதிரிகள் காசு போடமாட்டார்கள். சிப்பாய்கள் போடும் கிரெடிட் சிப், இன்சென்டிவ் சிப் இரண்டும் விற்பதற்கென்றே உள்ளவை. ஆயுதத்தை மேம்படுத்தும்போது எலும்பு, பிசின் போன்ற உயிர்ப்பொருள்களைப் போட்டு, ஆயுதம் பெறும் அனுபவப் புள்ளியின் மடங்கை 3 ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு இயந்திரப் பாகங்களை ஒரே வகையாக, ஒரே தடவையில் கொட்டுங்கள். இரண்டு இரண்டாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் மடங்கு இறங்கி, பாகம் வீணாகும். கிரிஸ்டேரியத்தின் கடைசிக் கட்டம் இறுதி பாஸை வென்ற பிறகே திறக்கும் என்பதால், கடினமான மிஷன்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.