பேலன்சரைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் பட்டறை: செவர்லே (செவி) 350 எஞ்சின் வைத்திருப்போர் கவனத்துக்கு

1969 கமாரோ எஸ்எஸ், 350 கன அங்குல எஞ்சின். டைமிங் செயினும் முன்பக்க ஆயில் சீலும் மாற்றுவதற்காக அமெரிக்கப் பட்டறை ஒன்றில் விடப்பட்ட வண்டி. பழைய மசில் கார்களில் கை தேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இடம்தான். வண்டி திரும்பி வந்த சில நாட்களிலேயே முன்னால் எண்ணெய் சொட்டியது, ஃபேன் பெல்ட்டின் ஓரம் பிய்ந்தது, வேகம் ஏறினால் நடுக்கம் வந்தது. கேட்டதற்கு, "ஐம்பது வருஷத்து வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

ரேடியேட்டரை இறக்கிப் பார்த்ததும் கதை வெளியே வந்துவிட்டது. கிராங்க் தண்டின் முன்முனையில் ஏறி அதன் அதிர்வை அடக்கும் சக்கரம்தான் ஹார்மோனிக் பேலன்சர். அதன் நடுக் குடத்தில் வட்டம் வட்டமாகச் சுத்தியல் தழும்பு. பேலன்சர் கடைசிவரை உட்காரவில்லை. சுமார் 1/8 அங்குலம் வெளியே நின்றது. பெல்ட் பிய்ந்ததற்கு அதுதான் காரணம்: கிராங்க் புல்லி முன்னால் துருத்தி நின்றதால் மற்ற புல்லிகளோடு நேர்கோட்டில் இல்லை.

இந்த எஞ்சினில் கிராங்கின் மூக்கு (பேலன்சர் ஏறும் முன்முனை) விட்டம் ஒன்றே கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. பேலன்சரின் துளை அதைவிடச் சுமார் 0.001 அங்குலம் சிறியது. அந்த இறுக்கம் வேண்டுமென்றே வைத்தது; இரண்டையும் பூட்டும் சிறு கட்டையான கீயால் மட்டும் கிராங்கின் முறுக்கு அதிர்வைத் தாங்க முடியாது. குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் இருப்பது ரப்பர். சுத்தியல் அடி அந்த ரப்பர் ஒட்டைத்தான் முதலில் பிரிக்கும். மிச்ச அடி கிராங்க் வழியாகப் பின்னால் போய், ஐந்தாவது மெயின் பேரிங்கிலுள்ள த்ரஸ்ட் முகத்தில் (கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் பரப்பில்) இறங்கும்.

அடித்தும் ஏறாதபோது செய்ததுதான் பெரிய அநியாயம்: மூக்கை எமரித் தாளால் தேய்த்திருக்கிறார்கள். பர் (உலோகப் பிசிறு) எடுக்கவும் துரு துடைக்கவும் லேசாகத் தேய்ப்பது வேறு, வழுக்கி ஏறும் அளவுக்கு இளைக்கவைப்பது வேறு. போன இறுக்கம் புது பேலன்சர் வாங்கினாலும் திரும்பாது.

முறையான வேலைக்குத் தேவை ஏற்றும் கருவி மட்டும்: மரை வெட்டிய தண்டு, நட், நடுவில் ஒரு த்ரஸ்ட் பேரிங். கிராங்க் துளையின் மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20. தண்டை முக்கால் அங்குலமாவது கையால் உள்ளே திருகிவிட்டுத்தான் நட்டை முடுக்க வேண்டும். தண்டு அசையக் கூடாது, நட் மட்டும் சுழல வேண்டும். மூக்கிலும் சீலின் உதட்டிலும் எண்ணெய், கீ உட்காரும் பள்ளமான கீவேயில் சிறிது சிலிக்கோன் பசை (அந்தப் பள்ளம் வழியாகவும் எண்ணெய் கசியும்). குடம் கிராங்க் பல்சக்கரத்தில் முட்டியதும் நட் திடீரென்று கனக்கும். அத்தோடு நிறுத்தி, தடித்த வாஷரோடு போல்ட்டை 60 அடி-பவுண்டுக்கு இறுக்க வேண்டும்.

பேலன்சர் போல்ட்டையே கொண்டு இழுத்து ஏற்றுவது இன்னொரு குறுக்கு வழி. தொடக்கத்தில் அந்த போல்ட் இரண்டு மூன்று மரைதான் பிடித்திருக்கும். அவ்வளவு பாரத்தில் கிராங்கின் மரையே பிய்ந்துவிடும். பழைய சாதாரண 283, 327 எஞ்சின்கள் பலவற்றில் மூக்கில் துளையே கிடையாது. அதைக் காட்டிச் சுத்தியலை நியாயப்படுத்துவார்கள். துளையிட்டு மரை வெட்டுவதற்கென்றே வழிகாட்டிக் கருவி இருக்கிறது, கேளுங்கள்.

கழற்றும்போதும் கவனம் தேவை. புல்லர், குடத்திலுள்ள மூன்று போல்ட் துளைகளில்தான் மாட்ட வேண்டும். வெளி வளையத்தைக் கொக்கியால் பிடித்து இழுத்தால் ரப்பர் போச்சு.

இதே வண்டியில் இன்னொன்றும் நடந்தது. கழற்றிய பேலன்சருக்குப் பதிலாக 1969-க்கு முந்தைய பழையது ஒன்றை மாட்டி, "புதிது" என்று பில் போட்டிருந்தார்கள். பழைய பேலன்சரில் டைமிங் கோடு கீவேயிலிருந்து 2 டிகிரி தள்ளி இருக்கும், 1969 முதல் வந்ததில் 10 டிகிரி. அந்தக் கோட்டை ஒப்பிட எஞ்சினில் பொருத்திய டைமிங் தகடு பிந்தையதாக இருந்தால் டைமிங் விளக்கு காட்டும் கணக்கில் 8 டிகிரி பொய். நல்லவேளை, 400 எஞ்சினுடையதை மாட்டவில்லை. அதில் எடை ஒரு பக்கமாக வார்த்திருக்கும், 350-இல் போட்டால் நடுக்கத்துக்கு அளவே இருக்காது.

வண்டியை எடுக்கும் முன் முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுக்கும் கருவி) வைத்து, கிராங்கை இரு பக்கமும் முட்டும்வரை கையால் சுழற்றி, முட்டும் இடங்களில் குறி போடச் சொல்லுங்கள். இரண்டு குறிகளின் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான மேல்நிலை. பேலன்சர் கோடு அங்கே பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால், வளையம் நழுவியிருக்கிறது அல்லது பேலன்சர் வேறு எஞ்சினுடையது. கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி டயல் கேஜில் ஆட்டம் பாருங்கள்: 0.002 முதல் 0.006 அங்குலம்வரை சரி. அதைத் தாண்டினால் பணம் கொடுப்பதற்கு முன் ஆயில் பேனை இறக்கி அந்த த்ரஸ்ட் பேரிங்கைக் காட்டச் சொல்லுங்கள்.